ஆறில் ஒரு பங்கு முகம்

மோவாயிலிருந்து உச்சி வரை மனிதத் தலை ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். ஆறால் வகுத்தால் நாலு சென்டிமீட்டருக்குச் சற்றே குறையும். ஆறடி மனிதனை ஓரடிப் பொம்மையாக்கும் இந்த அளவைச் சேகரிப்பாளர்கள் 'ஒன் சிக்ஸ்த்' என்கிறார்கள். இந்த அளவில் கண் திறப்பின் அகலம் ஐந்து மில்லிமீட்டர். கருவிழியின் விட்டம் இரண்டு மில்லிமீட்டர். அதன் நடுவிலுள்ள பாவை அரை மில்லிமீட்டர்தான். தலையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் நிஜ முகத்தில் ஆறு மில்லிமீட்டர் பிசகியதற்குச் சமம். அந்த அளவுக்கு மூக்கு நுனி இடம் மாறினால் பெற்ற தாய்க்கே சந்தேகம் வந்துவிடும்.

இப்படிப்பட்ட தலைகளைக் கையால் செய்கிறவர்கள் உலகில் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் தலையை மட்டுமே செய்கிறார்கள். உடம்பு ஏதோ ஒரு தொழிற்சாலையில் வார்த்தது, உடுப்பு இன்னொரு இடத்தில் தைத்தது. வாங்கியவர் பெட்டியோடு வந்த தலையைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு இந்தக் 'கஸ்டம் ஹெட்'டைப் பொருத்திக்கொள்கிறார். செய்பவர் பெரும்பாலும் தனியாள். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, பல்மருத்துவர் பயன்படுத்துவது போன்ற சில மெல்லிய எஃகுக் கருவிகள். இதைப் பெரியவர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. ஒரு குறிப்பிட்ட மனிதரின் முகத்தை, வேறு எவருடைய முகமாகவும் ஆகிவிடாதபடி முப்பரிமாணத்தில் பிடித்து நிறுத்தும் கலை இன்று ஓவியக்கூடங்களில் அருகிவிட்டது. அது இன்னும் தீவிரமாக நடக்கும் இடங்களில் ஒன்று இந்த மேசை.

இந்தத் தேவை எங்கிருந்து வந்தது என்பதை அறிய ஜி.ஐ. ஜோ என்ற பொம்மையின் தலையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தில் பணியாற்றிய டான் லெவின், ஓவியப் பொருள்கள் விற்கும் கடையின் சன்னலில் நின்ற மர மாதிரியைக் கண்டு, கைகால் மடங்கும் போர்வீரன் பொம்மையை உருவாக்கும் வழியைப் பிடித்தார் என்று சொல்வார்கள். ஓவிய மாணவர்கள் நிற்கும் விதத்தையும் குனியும் விதத்தையும் வரைந்து பழகும் மாதிரி அது. எல்லா மூட்டும் அசையும், தலை மட்டும் முகமில்லாத வெறும் முட்டை. 1964-இல் ஜி.ஐ. ஜோ கடைக்கு வந்தபோது அந்த முட்டைக்கு ஒரு முகம் வாய்த்திருந்தது. முடியின் நிறத்திலும் கண்ணின் நிறத்திலும் வகைகள் இருந்தன. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று உடுப்புகள் மாறின. முகம் ஒன்றே. வலக் கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. மனித உருவத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது என்பதால், போலிகளை அடையாளம் காணவும் அந்தத் தழும்பு உதவியது. வலக் கட்டைவிரலின் நகம் தவறான பக்கத்தில் இருந்ததும் அதே வேலையைச் செய்தது.

1965-இல் கறுப்பின வீரன் வந்தான். அவனுக்கென்று புதிதாகத் தலை செதுக்கவில்லை. அதே வெள்ளை வீரனின் தலை, அதே மூக்கு, அதே உதடு, அதே தழும்பு, மேலே பழுப்பு நிறம். 1966-இல் ஜெர்மனி, ஜப்பான், ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று ஆறு நாட்டு வீரர்கள் வந்தார்கள். ஜப்பான்காரனுக்கு ஒரு தலை, மற்ற ஐந்து பேருக்கும் சேர்த்துத் தழும்பில்லாத ஒரு தலை. ஆறு நாடுகளுக்கு இரண்டு முகங்கள். அச்சு செய்யப் பெருஞ்செலவு ஆகும் என்ற கணக்கு இதன் பின்னால் இருந்திருக்கும். அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பழுப்புத் தலையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அதைக் கையில் வாங்கிய கறுப்பினச் சிறுவன் தன் அப்பாவையோ மாமாவையோ அதில் தேடியிருப்பான். தேடியது அங்கே இல்லை. நிறம் பூசினால் முகம் மாறிவிடும் என்று பெரியவர்கள் நம்பியதற்கு அந்தத் தலை சாட்சி. கையால் செய்யும் தலைகள் அத்தனையும் ஏதோ ஒரு வகையில் இந்த நம்பிக்கைக்கு எதிராகச் செய்யப்படுபவை என்றே நான் நினைக்கிறேன்.

உடம்பு ஓரிடத்திலும் தலை ஓரிடத்திலும் செய்வது பழைய வழக்கம்தான். ரோமானியர்கள் தோகா என்ற மேலாடை உடுத்திய பளிங்கு உடம்புகளைக் கழுத்தில் குழியோடு செய்துவைத்தார்கள். தலையைத் தனியே செதுக்கி அந்தக் குழியில் இறக்கினார்கள். வெறுக்கப்பட்ட பேரரசன் செத்த பிறகு அவன் தலையையே செதுக்கி அடுத்தவன் தலையாக்கிய சிலைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. கிரேக்கத்தின் புகழ்பெற்ற தெய்வச் சிலைகளைக் கொண்டுவந்து, அவற்றின் தலையை எடுத்துவிட்டுத் தன் தலையை வைக்கச் சொன்னான் பேரரசன் கலிகுலா என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெடோனியஸ் எழுதுகிறார். சிலைகளின் தலையை மாற்றி மாற்றி வைக்கும் பழக்கத்தால் உருவச் சிற்பம் அழிகிறது என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி நொந்துகொண்டிருக்கிறார். சீனத்தில் ஷியான் அருகே 1974-இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட சுடுமண் படையிலும் தலைகள் தனியாகச் செய்து கழுத்தில் செருகியவைதான். ஆனால் அங்கே நடந்தது வேறு. சில அச்சுகளிலிருந்து பிறந்த தலைகள்தாம் அவை. அச்சிலிருந்து எடுத்த பிறகு கைவேலைக்காரன் ஈரமண்ணை அப்பி, புருவத்தை உயர்த்தி, மீசையை ஒதுக்கி, காதை மாற்றி ஒவ்வொன்றையும் வேறொருவனாக்கினான். மண்ணுக்கடியில், யாரும் பார்க்கப்போகாத இருட்டில் நிற்கப்போகும் படைக்கு இவ்வளவு பாடு. கஸ்டம் ஹெட் செய்பவருக்கு ஒரு மூதாதை வேண்டுமென்றால் அந்தப் பெயர் தெரியாத குயவனைத்தான் காட்டுவேன்.

நம் காலத்தில் இந்தக் கலை கண் விழித்த ஊர் ஹாங்காங். பொம்மைத் தொழிற்சாலைகளின் ஊர் அது. உலகத்துக் குழந்தைகளுக்காக அங்கே வார்த்த பிளாஸ்டிக்கில் அந்த ஊர்க்காரன் முகம் இருந்ததில்லை. மைக்கேல் லாவ் என்ற ஓவியர் ஜி.ஐ. ஜோ உடம்புகளை வாங்கி, அவற்றுக்குத் தானே தலை செய்தார். தரையோடு இழுபடும் கால்சட்டை, சறுக்குப் பலகை, காது வளையம், பச்சை குத்திய கை என்று அவருடைய தெருவின் இளைஞர்கள் ஓரடி உயரத்தில் எழுந்து நின்றார்கள். 'கார்டனர்' என்ற பெயரில் அவர் ஒரு வார இதழில் வரைந்துவந்த சித்திரத் தொடரின் பாத்திரங்கள் அவர்கள். 1999-இல் ஹாங்காங் ஆர்ட்ஸ் சென்டரில் இப்படி 99 உருவங்களைக் காட்சிக்கு வைத்தார். கலைஞர் பொம்மை என்று இன்று உலகெங்கும் விற்கும் வகை அந்தக் காட்சியிலிருந்து கிளைத்தது என்று அந்தத் துறையினர் ஒப்புக்கொள்கிறார்கள். அவர் செய்த தலைகள் நிஜ மனிதர்களைப் போன்றவை அல்ல. மூக்கும் உதடும் பெருத்த, பாதி கேலிச்சித்திரமான தலைகள். ஆனாலும் தன் ஊர்க்காரனுக்குத் தலை இல்லையென்றால் நானே செய்கிறேன் என்று ஒரு மனிதன் உட்கார்ந்ததுதான் தொடக்கம்.

அச்சு அசலான முகத்தை நோக்கிப் போனவர்கள் வேறு சிலர். 2000-இல் அதே ஊரில் தொடங்கிய ஹாட் டாய்ஸ் நிறுவனம் திரைப்பட நடிகர்களின் முகங்களை வியக்கும் அளவுக்குத் துல்லியமாகக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் கொரியச் சிற்பிகளின் கை இருந்தது. தலையைச் செதுக்கியவர் யூலி, வண்ணம் தீட்டியவர் ஜே.சி. ஹாங் என்று பெட்டியிலேயே அச்சிட்டார்கள். புரூஸ் லீயின் முகத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பெயர்பெற்ற ஆர்னி கிம்மும் கொரியர்தான். பொம்மைப் பெட்டியில் சிற்பியின் பெயர் வந்தது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அது பெரிய விஷயம். 1964-இன் அந்த ஒற்றைத் தலையை யார் செதுக்கினார் என்று வாங்கிய குழந்தைகளில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி மேசைக்கு வருவோம்.

எல்லாம் படங்களில் தொடங்குகிறது. முன்னிருந்து, பக்கவாட்டில், முக்கால் முகமாக, முடிந்தால் மேலிருந்தும் கீழிருந்தும். புகழ்பெற்ற நடிகருக்கு முன்முகப் படங்கள் ஆயிரம் கிடைக்கும். சரியான பக்கவாட்டுப் படம் கிடைப்பது அரிது, காதுக்குப் பின்புறம் கிடைக்கவே கிடைக்காது. கிடைக்கும் படங்களும் முகத்தை உள்ளபடி சொல்வதில்லை. அருகிலிருந்து எடுத்தால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தால் முகம் தட்டையாகி அகலும். ஒரே மனிதரின் இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை பொருந்தாது. படத்தை அப்படியே நம்பிச் செதுக்கியவர் லென்ஸைச் செதுக்குகிறார். அனுபவம் உள்ளவர் முதலில் அந்தப் படம் எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது என்று ஊகிக்கிறார். சுவரொட்டிக்காக இடவலம் திருப்பிப் போட்ட படங்களும் கலந்திருக்கும். எந்த முகமும் இரு பக்கமும் ஒன்றுபோல் இராது. தழும்போ மச்சமோ வகிடோ எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் படத்தை நம்பலாம்.

எந்த வயது, எந்தப் படம் என்பதும் முன்பே முடிவாக வேண்டும். 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வந்த ஹாரிசன் ஃபோர்டும் 1982-இல் 'பிளேடு ரன்னர்' படத்தில் வந்த ஹாரிசன் ஃபோர்டும் ஒரே தலையில் அடங்கமாட்டார்கள். மோவாய்த் தழும்பு மட்டும் இரண்டிலும் உண்டு. இரண்டாவதில் கன்னம் வற்றியிருக்கிறது, கண்ணில் களைப்பு ஏறியிருக்கிறது, முதல் படத்தில் வாயோரம் இருந்த குறும்பு போய்விட்டது. ஐந்து வருடத்தில் ஒரு முகம் இழந்ததும் பெற்றதும் தெரியாதவர் எந்தத் தலையையும் செய்ய முடியாது.

மண்ணைத் தேர்வதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. சிலர் பாலிமர் களிமண்ணில் வேலை செய்கிறார்கள். சுடும் வரை அது காயாது, மாதக்கணக்கில் திருத்திக்கொண்டே இருக்கலாம். வீட்டு அவனில் ஏறக்குறைய 130 டிகிரி சூட்டில் இறுகிவிடும். சிலர் இரண்டு பொருள்களைப் பிசைந்து இறுகவைக்கும் எபாக்ஸி புட்டியில் செய்கிறார்கள். அது சில மணி நேரத்தில் கல்லாகும். இறுகிய பிறகு கத்தியால் சீவலாம், உப்புத்தாளால் தேய்க்கலாம், மேலே மறுபடி அப்பலாம். இன்னும் சிலருக்குக் கெட்டி மெழுகு. உள்ளே கம்பியும் கசக்கிய அலுமினியத் தாளும் வைத்து முதலில் மண்டையைக் கட்டுகிறார்கள். கன்ன எலும்பு, கண்குழி, தாடை எல்லாம் சரியாக அமைந்த பிறகுதான் தசை. தொடக்கநிலையாளர் கண்ணையும் உதட்டையும் முதலில் அழகாகச் செய்துவிட்டு, அவற்றைத் தாங்க மண்டை இல்லாமல் தடுமாறுகிறார். சாயலை ஏற்றி நிற்பது எலும்புதான்.

அளவெடுத்து அப்படியே சுருக்கினால் சாயல் வந்துவிடாது. சிறிதான முகம் மென்மையாகி, யாரோ ஒருவராகிவிடும். 1987-இல் கில்லியன் ரோட்ஸ், சூசன் பிரென்னன், சூசன் கேரி என்ற மூன்று ஆய்வாளர்கள், தெரிந்த முகங்களின் துல்லியமான கோட்டோவியங்களைவிட அந்த முகங்களின் தனித்தன்மையை மிகைப்படுத்திய கோட்டோவியங்களை மனிதர்கள் விரைவாக அடையாளம் காண்கிறார்கள் என்று கண்டார்கள். தலை செய்பவர்களுக்கு இது கைவழியாக முன்பே தெரிந்த உண்மை. இமையின் மடிப்பை இருக்க வேண்டிய ஆழத்தைவிடச் சற்று ஆழமாக வெட்டுகிறார்கள். மூக்கோர வரியைக் கூர்மையாக்குகிறார்கள். புருவ எலும்பு சற்றே துருத்தியிருந்தால் இன்னும் ஒரு முடியளவு துருத்தவிடுகிறார்கள். ஒரு முடியளவு கூடினால் கேலிச்சித்திரம். குறைந்தால் அடையாளமற்ற மனிதன். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி மிகக் குறுகியது. அதில் எங்கே நிற்பது என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. அந்த மனிதரைப் பார்த்துப் பார்த்துச் செய்பவருக்கு உள்ளே சேர்ந்த அறிவுதான் சொல்ல வேண்டும்.

வாய்தான் மிகவும் படுத்தும். சிரிக்கும் முகம் அலமாரியில் ஒரு வாரம் நன்றாயிருக்கும். பிறகு அந்தச் சிரிப்பு உறைந்து கண்ணை உறுத்தத் தொடங்கும். 1970-இல் ஜப்பானிய விஞ்ஞானி மசாஹிரோ மோரி, மனிதனை மிகவும் ஒத்திருந்தும் முழுதாக ஒத்துவராத உருவத்தைக் கண்டால் எழும் திகிலைப் பற்றி எழுதினார். அந்தத் திகில் இந்தத் தலைகளில் பெரும்பாலும் வாயோரத்தில்தான் குடியிருக்கிறது. அதனால் தேர்ந்த கைகள், பேசி முடித்த கணத்தையோ பேச வாயெடுக்கும் முன்கணத்தையோ தேர்கின்றன. உதடுகள் சேர்ந்தும் சேராமலும் இருக்கும். அப்படிப்பட்ட முகத்தைப் பல கோணத்தில் சாய்த்துவைக்கலாம். சற்றுக் குனியவைத்தால் கோபம், நிமிர்த்தினால் ஏக்கம்.

செதுக்கி முடித்த தலைக்கு அச்சு எடுக்க வேண்டும். இரண்டு பாதியாகச் சிலிக்கோன் ஊற்றி, அந்த அச்சில் ரெசின் வார்க்கிறார்கள். கந்தகம் கலந்த களிமண்ணின்மேல் பிளாட்டின வகைச் சிலிக்கோன் இறுகாது, பிசுபிசுவென்று நின்றுபோகும். மாதக்கணக்கான வேலை அந்த ஒரு கவனக்குறைவில் பாழாகும். மூக்குத் துவாரத்திலும் காது மடலிலும் காற்றுக் குமிழ் தங்கும். அதைப் போக்க அழுத்தக் கலத்துக்குள் வைத்து வார்ப்பவர்கள் உண்டு. அச்சிலிருந்து எடுத்த தலையைச் சோப்பு போட்டுக் கழுவாவிட்டால் மேலே பூசும் வண்ணம் உரிந்து வரும். பல நிறுவனங்களின் உடம்புகள் பல அளவில் கழுத்து வைத்திருப்பதால், எந்த உடம்புக்கு எந்தக் குழி என்பதும் முன்பே தெரிய வேண்டும்.

வண்ணம் தீட்டுவது இன்னொரு கலை, பல நேரம் இன்னொரு ஆள். தோல் ஒரு நிறம் இல்லை என்று ஓவியர்களுக்குத் தெரியும். வெளுத்த முகத்தில் நெற்றியில் மஞ்சள் தட்டும், கன்னத்திலும் மூக்கிலும் காதிலும் சிவப்பு ஓடும், மழித்த தாடையில் நீலச் சாம்பல் படரும். இவற்றை நீர்க்கக் கரைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக, முன் பூச்சு காய்ந்த பிறகு மறு பூச்சு என்று ஏற்றுகிறார்கள். நிஜத் தோலுக்குள் ஒளி சற்றுத் தூரம் நுழைந்து சிவந்து வெளியே வரும். ரெசினில் அது நடவாது. நடந்ததுபோல் வண்ணத்தில் காட்ட வேண்டும். கண்குழியின் நிழலையும் வரைந்தே தீர வேண்டும். முகம் சிறுத்தாலும் அறையின் விளக்கு சிறுக்காது.

கறுத்த தோலைத் தீட்டுவதில்தான் கையின் நேர்மை தெரிகிறது. வெளுத்த முகத்துக்குப் பழகியவர் பழுப்பு பூசி, மேலே பளபளப்பற்ற வார்னிஷ் அடித்து முடித்துவிடுகிறார். தலை சாம்பல் பூத்துக் கிடக்கும். நம் நிறத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கறுத்த முகத்தில் நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் வெளிச்சம் தங்கிப் பளிச்சிடும். உதட்டின் உள்விளிம்பில் ஊதாவும் சிவப்பும் கலந்த ஒரு சாயல் இருக்கும். கண்ணைச் சுற்றித் தோல் இன்னும் இருளும். இவற்றைக் கண்டு தீட்டியவருக்குப் பாதி மினுக்கமுள்ள வார்னிஷ் வேண்டும் என்பது தானே தெரியும். 1965-இன் தலையில் விடுபட்டுப்போனவற்றை இப்படிப்பட்ட ஒரு சிலர் இன்று ஒவ்வொரு தலையாக நேர்செய்துவருகிறார்கள்.

பிறகு கண். நம் சிற்பிகள் விக்கிரகத்துக்குக் கடைசியில்தான் கண் திறக்கிறார்கள். தலை தீட்டுபவர்களில் பலர் கண்ணில் தொடங்குகிறார்கள், கண் தவறினால் மீதி உழைப்பு வீண் என்பதால். வெண்விழிக்கு வெள்ளை பூசினால் பயந்துபோன முகமாகிவிடும். அதனால் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு அழுக்கு வெள்ளை. மேலிமை கருவிழியின் உச்சியைச் சற்று மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் முறைக்கும். இரண்டு மில்லிமீட்டர் கருவிழிக்குள் விளிம்பு இருண்டு, நடு வெளுத்து, அரை மில்லிமீட்டர் பாவை. அதன் ஓரத்தில் ஒளிப்புள்ளி, இரு கண்ணிலும் ஒரே பக்கம். இரு கண்ணும் ஓரிடத்தைப் பார்க்க வேண்டும். தீட்டும்போது மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கடைசியில் கண்ணுக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ். அந்த ஈரம் வந்ததும் ரெசின் கட்டி நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. விழியைத் தனியே செய்து உள்ளே அசையவிடும் முறையும் உண்டு. 1970-களில் ஜி.ஐ. ஜோவுக்கே தலையின் பின்னால் நெம்புகோல் வைத்துக் கண்ணை அசைத்தார்கள். அசையும் கண் வியப்புதான். நன்றாகத் தீட்டிய அசையாத கண்ணை நான் அதற்கு மேலாகவே வைப்பேன்.

இன்று பலரும் கணினியில் செதுக்குகிறார்கள். ஒளியில் இறுகும் ரெசினை நூறில் ஐந்து பங்கு மில்லிமீட்டர் தடிமனில் அடுக்கடுக்காக அச்சிடும் இயந்திரம் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. இதைக் கைவேலையின் சாவு என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திரையில் பேனாவை நகர்த்துவதும் கைதான். மண்டை, லென்ஸ், வயது, வாய் எல்லாம் அங்கேயும் அதே கேள்விகள். என் சந்தேகம் வேறு ஒன்றின்மேல். 2022-இல் ஹாஸ்ப்ரோ, ஃபார்ம்லேப்ஸ் என்ற முப்பரிமாண அச்சு நிறுவனத்தோடு சேர்ந்து, கைபேசியில் முகத்தை வருடிப் படமெடுத்து அனுப்பினால் அந்த முகத்தோடு ஆறங்குல உருவம் அனுப்பிவைக்கும் திட்டத்தை 59.99 டாலருக்கு அறிவித்தது. எல்லா உடம்புக்கும் ஒரே தலை பொருத்திய நிறுவனம், ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து ஆளுக்கொரு தலை தருவதாகச் சொன்னது. நீதி கிடைத்துவிட்டதென்று மகிழத் தோன்றும். ஆனால் வருடிப் படமெடுக்கும் கருவிக்குத் தேர்வு கிடையாது. அந்தக் கணத்தில் முகம் எப்படி இருந்ததோ அதைக் கொண்டுபோகும். அந்த மனிதர் சிந்திக்கும்போது இடப் புருவம் எழும் என்பது அதற்குத் தெரியாது. எதை விட வேண்டும், எதை ஒரு முடியளவு கூட்ட வேண்டும் என்று முடிவெடுக்க அங்கே ஆளில்லை.

முகத்துக்கு உரிமையாளர் உண்டா என்ற கேள்வி இந்தக் கலையைப் பின்தொடர்ந்தே வருகிறது. கலிஃபோர்னியச் சட்டப்படி புகழ்பெற்ற ஒருவர் இறந்து 70 ஆண்டு வரை அவருடைய சாயலை வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை வாரிசுகளிடம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து அனுமதி வாங்குகின்றன. வாங்கத் தகுந்த லாபம் தராத முகங்களை விட்டுவிடுகின்றன. துணை நடிகர், பழைய தொலைக்காட்சித் தொடரின் காவலர், ஒரே படத்தில் வந்து மறைந்துபோன நடிகை என்று விடுபட்டவர்களைத்தான் தனியாட்கள் செய்கிறார்கள். தலையின் பெயரைச் சொல்லாமல் 'துப்பறிவாளர்', 'முதிய கேப்டன்' என்று விற்கிறார்கள். இதில் சட்டச் சிக்கல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒருவருடைய சாயலைப் பெருமளவில் வார்த்து விற்பது ஒன்று. ஒரே ஒரு தலையை ஒரு ரசிகருக்குச் செய்து கொடுப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது என் தரப்பு. இறந்துபோன தகப்பனின் படங்களை எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்த முகத்துக்கு எந்த நிறுவனத்திலும் அச்சு கிடையாது.

இந்த உலகின் உண்மையான திருட்டு வேறு. ஒரு சிற்பி மாதக்கணக்கில் உழைத்துச் செய்த தலை ஒன்றை வாங்கி, அதன்மேலேயே சிலிக்கோன் ஊற்றி அச்செடுத்து, மலிவாக வார்த்து விற்கிறார்கள். 'ரீகாஸ்ட்' என்பது இதுதான். அதைப் பிடிப்பது கடினமல்ல. ஒவ்வொரு மறுவார்ப்பிலும் ரெசின் சற்றே சுருங்கும், இமை மடிப்பு மழுங்கும், தோலின் நுண்துளைகள் தூர்ந்துபோகும். வரியோரம் வழவழப்பாகி, அந்த முகம் மறுபடியும் யாரோ ஒருவராகும். செதுக்கியவருக்கு ஒரு காசும் போகாது. அவர் பெயர் அந்தப் பெட்டியில் இருக்காது. விலை குறைவு என்பதால் வாங்கியவர் திருப்தியாக இருப்பார். அடுத்த தலையைச் செய்ய வேண்டிய கை வேறு வேலைக்குப் போய்விடும். நல்ல சிற்பிகள் சிலர் விற்பதையே நிறுத்திவிட்டுத் தமக்காக மட்டும் செய்வதற்கு இதுவே காரணம்.

இத்தகைய தலை ஒன்றை வாங்க நினைத்தால், செதுக்கியவர் யார், தீட்டியவர் யார் என்று முதலில் கேளுங்கள். பெயர் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். அசல் வார்ப்பின் விலை கைக்கு எட்டாவிட்டால், வண்ணம் தீட்டாத வார்ப்பைச் சிற்பியிடமே கேட்டுப் பாருங்கள், பலர் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். வாங்கிய தலையின் படத்தை நாலு பேருக்குக் காட்டும்போது சிற்பியின் பெயரையும் கீழே எழுதுங்கள்.